தனியுரிமைன்னா என்ன? அந்தரங்கம்னா என்ன? ரெண்டும் ஒண்ணு இல்ல

பிரைவசிக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டா நெறைய பேரு சட்டுனு அந்தரங்கம்னு சொல்றாங்க. ஆனா ஆப்ல, பேங்க் சைட்லலாம் தனியுரிமைக் கொள்கைன்னு போட்டிருக்கும். எதுவா இருந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதானேன்னு போயிடறோம். ஒண்ணு இல்லைங்க. பிரைவசிய அந்தரங்கம்னே புரிஞ்சு வச்சிருக்கறதாலதான் "எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு, பாத்தா பாத்துட்டுப் போகட்டும்"ங்கற பேச்சு இவ்ளோ சுலபமா வருது.

மொதல்ல வேர். லத்தீன்ல பிரிவாரேன்னா பறிக்கறது, இல்லாம பண்றது. பிரிவாட்டுஸ்னா பதவியோ பொதுப்பொறுப்போ இல்லாத ஆளு. பட்டாளத்துல கடைநிலை சிப்பாய இன்னைக்கும் இங்கிலீஷ்ல பிரைவேட்னுதான் சொல்றாங்க, அதுவும் இதே வேர்தான். ஆக ஆரம்பத்துல இது உரிமையச் சொன்ன சொல்லே இல்ல.

உரிமையா மாறினது ரொம்பப் பின்னாடி. 1890ல அமெரிக்காவுல, பாஸ்டன் நகரத்துல வாரன், பிராண்டைஸ்னு ரெண்டு வக்கீலுங்க ஹார்வர்ட் சட்ட இதழ்ல ஒரு கட்டுரை எழுதறாங்க. கையில தூக்கிட்டுப் போற கேமரா வந்து, வீட்டு விசேஷத்தக்கூட பேப்பர்ல வம்பா எழுத ஆரம்பிச்ச நேரம் அது. எங்கள எங்க பாட்டுக்கு இருக்க விடுங்கங்கறதுதான் அவங்க கேட்டதோட சாரம். நூறு வருஷம் கழிச்சு அதே வாசகம் நம்ம ஊரு கேஸ்ல வந்துச்சு. கொலை வழக்குல தூக்குத் தண்டனை வாங்கின ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதின சுயசரிதைய நக்கீரன் பத்திரிகையில போடக்கூடாதுன்னு சிறை அதிகாரிங்க தடுக்கப் பாத்தாங்க. 1994ல சுப்ரீம் கோர்ட், அரசாங்கம் முன்கூட்டியே தடை போட முடியாதுன்னு சொன்னதோட, தன்பாட்டுக்கு இருக்க விடுன்னு கேக்கற உரிமை உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு குடுக்கற அரசியல் சட்டத்தோட 21வது பிரிவுக்குள்ள இருக்குன்னும் எழுதிச்சு.

ஆனா இன்டர்நெட் காலத்துக்கு அந்த விளக்கம் பத்தல. ஏன்னா நம்மள யாரும் தொந்தரவு பண்றதே இல்ல, நாம பாட்டுக்குத்தான் இருக்கோம், போன் மட்டும் நம்மளப் பத்தின தகவல யார் யாருக்கோ அனுப்பிக்கிட்டே இருக்கு. இதுக்குத் தேவையான விளக்கம் ஜெர்மனியில இன்டர்நெட்டுக்கு முன்னாடியே வந்துடுச்சு. மக்கள்தொகை கணக்கெடுப்பு மேல நடந்த வழக்குல 1983 டிசம்பர்ல அங்க இருக்கற அரசியல் சட்ட கோர்ட், என்னைப் பத்தின தகவல் யாருக்குப் போகணும், எதுக்குப் பயன்படணும்னு முடிவு பண்றது என் உரிமைன்னு சொல்லிச்சு. மறைக்கறதப் பத்தி இதுல பேச்சே இல்ல, யாரு முடிவு பண்றதுங்கறதுதான் கேள்வி. இங்க 2017 ஆகஸ்ட் 24ல, ஆதார எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்ட வழக்குல 9 நீதிபதிங்க ஒருமனதா பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க, அப்பவும் தகவல் மேல ஒருத்தருக்கு இருக்கற அதிகாரத்தப் பத்தி விரிவாவே எழுதினாங்க.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அந்தரங்கம் சமஸ்கிருதத்துலேர்ந்து வந்தது, உள்ளுக்குள்ள இருக்கறது, மனசுங்கற அர்த்தம். "அந்தரங்க சுத்தியோட சொல்றேன்"னு பெரியவங்க சொல்றது அதுதான். இன்னைக்கு அந்தச் சொல்லு படுக்கையறைக்குள்ள சுருங்கிப்போச்சு, அந்தரங்க வீடியோன்னு நியூஸ்ல வந்தா என்னன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. தனிமைன்னா ஆளில்லாம இருக்கறது. ரகசியம்னா மறைக்கறது. இது எதுவும் பிரைவசிக்கு முழுசாப் பொருந்தல.

என் போன் நம்பர் அந்தரங்கமா? இல்லவே இல்ல, கல்யாணப் பத்திரிகையிலயே போடறோம். ஆனா மருந்துக் கடையில பில் போடறவரு தலைய நிமித்தாம "நம்பர் சொல்லுங்க"ங்கறாரு, பத்து எண்ணையும் அடிச்சாதான் அடுத்த கட்டம் போகுது, பின்னாடி க்யூ நெருக்குது, நாமளும் சத்தமாச் சொல்லிடறோம். அந்த நொடியிலேர்ந்து நம்ம நம்பரும் சுகர் மாத்திரையும் ஒரே வரியில பதிவாகுது. தனித்தனியா பாத்தா ரெண்டும் சாதாரண விஷயம், சேந்ததுதான் ஆபத்து, சேக்கறதுக்கு நம்மகிட்ட யாரும் கேக்கல. இத அந்தரங்கம்ங்கற சொல்லால சொல்லவே முடியாது. தனியுரிமை மீறல்னு சொன்னா அப்படியே பொருந்துது, தனி ஆளோட உரிமைங்கறது சொல்லுக்குள்ளயே இருக்கு.

ஒரு சிக்கல் இருக்கு, மறுக்கல. ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமான சாஃப்ட்வேரையும் தனியுரிமை மென்பொருள்னு எழுதறாங்க, அங்க அர்த்தம் வேற. அதுக்கு வேற சொல்லு பாத்துக்கலாம், இத விட்டுடக் கூடாதுங்கறது என் கருத்து. உடம்பு, படுக்கையறை சம்பந்தப்பட்டதுக்கு அந்தரங்கம் இருக்கட்டும்.

2023ல வந்த டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டத்துல, சம்மதம் குடுக்கறது எவ்ளோ சுலபமோ திரும்ப வாங்கறதும் கிட்டத்தட்ட அதே அளவு சுலபமா இருக்கணும்னு இருக்கு. விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான பகுதிகளுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. கடைக்காரங்க நம்பர் கேட்டு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாசமே சொல்லியாச்சு. அதனால அடுத்த தடவ கேட்டா "நம்பர் வேணாம், பில்லு மட்டும் போடுங்க"ன்னு தாராளமா சொல்லலாம்.