இன்னொரு பாலம் கட்டினால் நெரிசல் தீருமா?

ஆற்றைக் கடக்க ஒரே பாலம். காலையில் வண்டிகள் எறும்பாய் ஊர்கின்றன. பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டினால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடாதா?

கணக்கு சரிதான். ஆனால் பாலத்தில் நிற்கும் வண்டிகளை மட்டுமே அதில் எண்ணியிருக்கிறோம். நெரிசலுக்குப் பயந்து விடிவதற்குள் கிளம்பிவிடுகிறவர், ரயிலுக்கு மாறிவிட்டவர், அக்கரையில் வேலையே தேடாதவர் எல்லாம் கணக்கில் வரவில்லை. பாலம் திறந்ததும் முதலில் வருகிறவர்கள் இவர்கள்தான். அக்கரையில் வீட்டுமனை வாங்குகிறவர்கள் அடுத்து வருவார்கள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலம் 1959-இல் நான்கு தடங்களோடு திறக்கப்பட்டது. வடகரையில் வீடுகள் பெருகின. பத்தே ஆண்டில், 1969-இல், பக்கத்துக்கு இரண்டாக மேலும் நான்கு தடங்களை ஒட்டவைக்க வேண்டியதாயிற்று.

பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-இலேயே இதை விதியாகச் சொன்னார்: நகரத்து விரைவுச் சாலை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவுக்கும் உச்ச நேரப் போக்குவரத்து வளர்ந்துவிடும்.

வரும் கூட்டம் அப்படியே இருந்தால்கூட, நெரிசலுக்குக் காரணம் பாலம்தானா என்று பார்க்க வேண்டும். தடையில்லாத ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகலாம். பாலம் இறங்கும் இடத்தில் சிக்னல் இருந்து, பாதி நேரம்தான் பச்சை எரிகிறது என்றால், அதில் பாதிகூடத் தேறாது. பாலத்தை எத்தனை அகலமாக்கினாலும், வரிசையில் நிற்க இடம் கூடுமே தவிர வேகம் கூடாது.

இதைவிட விசித்திரமான ஒன்றை ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிரேஸ் 1968-இல் காட்டினார். பேப்பர் பேனாவோடு உட்கார்ந்தால்தான் நம்ப முடியும்.

3,000 கார்கள், போக இரண்டு வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒரு குறுகல் சாலை, ஓர் அகலச் சாலை. குறுகலில் நூறு காருக்கு ஒரு நிமிடம் வீதம் நேரம் கூடும். அகலத்தில் எப்போதும் 35 நிமிடம். முதல் வழியில் குறுகல் முன்னால், இரண்டாவதில் பின்னால். கூட்டம் சரிபாதியாகப் பிரியும்: 15 + 35, ஆக 50 நிமிடம்.

இப்போது இரு வழிகளின் நடுப்புள்ளிகளையும் இணைத்து ஒரு பாலம் போடுங்கள். கடக்க இரண்டே நிமிடம். குறுகல், பாலம், குறுகல் என்று முதலில் போகிறவருக்கு 32 நிமிடம்தான். விடுவார்களா? எல்லோரும் அங்கேயே பாய்வார்கள். 30 + 2 + 30, ஆக 62! பழைய வழிக்குத் திரும்பலாமென்றால் 65 ஆகும். யாரும் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. ஆனாலும் ஆளுக்கு 12 நிமிடம் நட்டம்.

ஆகவே பாலமே வேண்டாமா? அப்படி இல்லை. பல கிலோமீட்டர் சுற்றிப்போகும் ஊருக்குப் பாலம் பெரிய வரம். பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்கினால், அதே அகலத்தில் பல மடங்கு பேர் கடக்கலாம். திறக்கும் அன்றே மொத்தத் தடத்தையும் கார்களுக்கு விட்டுவிடுவதுதான் சிக்கல்.

நெரிசலைக் குறைக்கக் கட்டணமும் ஒரு வழி. தீவுகளின் மேல் அமைந்த ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், மையப் பகுதிக்குள் நுழையவும் வெளியேறவும் 2006-இல் சோதனையாக நெரிசல் கட்டணம் வசூலித்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அடுத்த ஆண்டே கட்டணம் நிரந்தரமானது.