செறிவூட்டல் அல்ல, நீரூட்டல்

மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி பக்கத்தில் 'நிலத்தடி நீர் செறிவூட்டல் அமைப்பு' என்று பலகை நடுகிறார்கள். வேறு எங்காவது என்றால் போகட்டும் என்று விடலாம். ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபம், உச்சிப்புளி, வாலிநோக்கம் பக்கம் அந்தச் சொல் பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது.

மூலச் சொல் 'ரீசார்ஜ்'. வண்டியைக் குறித்த லத்தீன் 'கார்ருஸ்' பிரெஞ்சு வழியாக 'சார்ஜ்' ஆகி, பாரம் ஏற்றுவதைக் குறித்தது. 'ரீ' என்றால் மறுபடி. எடுத்த தண்ணீரைத் திரும்ப ஏற்றுவது, அவ்வளவுதான்.

'செறி'க்கு நெருங்குதல், நிறைதல் என்ற பழைய பொருள் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் இன்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடச் செறிவு என்றால் கரைசலில் கரைந்திருக்கும் பொருளின் அளவு. செறிவூட்டிய யுரேனியம், செறிவூட்டிய அரிசி இரண்டிலும் ஏதோ ஒன்றின் பங்கு கூடுகிறது. இந்தக் கரையில் தண்ணீரில் கரைந்திருப்பது உப்பு. அப்போது செறிவூட்டிய தண்ணீர் எது? உவர்த் தண்ணீர்தானே! மழைநீரை இறக்குவதே அந்தச் செறிவைக் குறைக்கத்தான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதனால் கனம் அதிகம். மணலுக்கடியில் நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பை அண்டவிடாது என்பது கிபன்-ஹெர்ஸ்பெர்க் கணக்கு. மோட்டார் போட்டு அரை மீட்டர் குறைத்தால், நாளடைவில் உப்பு 20 மீட்டர் ஏறிவிடும். கடல் மட்டம் உயர்ந்தாலும் மழை தவறினாலும் இந்த அரை மீட்டர்தான் முதலில் போகிறது. அதை மீட்கப் பெரிய செலவில்லை. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். குழியின் அடியில் கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். மணல் மேலே இருந்தால்தான் வண்டல் அதிலேயே தங்கும். ஐப்பசி மழைக்கு முன் சுரண்டி எடுத்துவிடலாம். வரிசையை மாற்றிப் போட்டால் வண்டல் அடிக்குப் போய் அடைத்துக்கொள்ளும், முழுக் குழியையும் தோண்ட வேண்டிவரும். குழி நீர்மட்டத்தைத் தொடவும் கூடாது. இடையில் உள்ள மண்தான் வடிகட்டி.

செறிவூட்டலுக்குப் பதில் என்ன சொல்லலாம்? 'மறு ஊட்டம்' என்றால் சத்துணவு நினைவு வருகிறது. 'மீள்நிரப்பல்' மோசமில்லை, ஆனால் தொட்டிக்குத்தான் பொருந்தும். 'நீரூட்டல்' போதும். உண் என்பதன் பிறவினை ஊட்டு. 215ஆம் குறளில் வரும் 'ஊருணி'யிலும் அதே உண்தான். குழி வெட்டுகிறவர்கள் 'ரீசார்ஜ் குழி' என்றே சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் பலகைக்கு அனுப்புகிற மொழிபெயர்ப்பாளர்களைத்தான் சொல்ல வேண்டும். நாளைக்குக் கையேட்டில் 'உப்பின் செறிவு குறைய நீரைச் செறிவூட்டுக' என்று எழுதிவைத்தால், கிணற்றுக்காரர் கூட்டுவதா குறைப்பதா என்று யாரிடம் போய்க் கேட்பார்?