மூன்று முறை அடித்தெழுதிய எண்

தாய் சேய் நல அட்டையில் கைப்பேசி எண் எழுத ஒரு சிறிய இடம் உண்டு. சென்ற ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்த அட்டையில் அந்த இடத்தில் மூன்று எண்கள் இருந்தன. மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன. முதல் எண் நீல மையில் தெளிவாக இருந்தது. இரண்டாவதை இடம் போதாமல் அதற்கு மேலே சாய்த்து எழுதியிருந்தார்கள். மூன்றாவது எண் ஓரத்தில், பென்சிலில். அட்டைக்குரிய பெண்ணுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஹீமோகுளோபின் 7.6 இருந்தது. கர்ப்பிணிக்கு அது 11க்குக் குறையக் கூடாது.

ஜவ்வாதுமலையில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக எனக்கு இது ஒன்பதாம் ஆண்டு. இணையம் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் டவர், கேபிள், வேகம் என்றே பேசுகிறார்கள். எனக்கு அந்த ஏற்றத்தாழ்வு ரத்தப் பரிசோதனைச் சீட்டில்தான் முதலில் தெரிகிறது.

அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து ஊசியின் முதல் தவணை போட்டிருந்தோம். இரண்டாம் தவணைக்கு நாள் குறித்துக் கொடுத்தோம். இடையில் மாவட்டத் தலைநகரில் ஆய்வுக் கூட்டம் என்று அழைப்பு வந்துவிட்டதால் நாளை மாற்றினேன். மாற்றிய நாளைத் தொலைபேசியில் சொல்லிவிடும்படி கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னேன். முதல் எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் கணவருடையது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணான இரண்டாவது உபயோகத்தில் இல்லை. மூன்றாவது எண்ணில் முன்பின் தெரியாத யாரோ எடுத்து, இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று கோபமாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெண் பழைய நாளிலேயே ஆறு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். மருத்துவர் அறை பூட்டியிருந்தது. திரும்பிப் போனவர் மூன்று வாரம் வரவில்லை.

இப்படி வராமல் போகிறவர்களை 'தவறியவர்' என்று பதிவேட்டில் குறிப்பது எங்கள் வழக்கம். அந்தச் சொல்லை எழுத அன்றைக்கு என் கை வரவில்லை.

ஒரு வீட்டில் எண் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது ஊருக்குள் போய்க் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. ஒரு கைப்பேசியை உயிரோடு வைத்திருக்க 28 நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய 200 ரூபாய் கட்ட வேண்டும். 28 நாள் கணக்கென்பதால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை. சாமை அறுவடையிலும் புளி உலுக்கும் காலத்திலும் கையில் காசு இருக்கும். மற்ற மாதங்களில் அரிசியா ரீசார்ஜா என்றால் யாரும் அரிசியைத்தான் வாங்குவார்கள். பணம் கட்டாமல் விட்டால் முதலில் வெளியே பேச முடியாது, பிறகு அழைப்பு வருவதும் நின்றுவிடும். தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பையே துண்டித்துவிடலாம். கொஞ்ச காலத்தில் அதே எண் வேறு யாருக்கோ போய்விடும். அடுத்த முறை காசு கிடைக்கும்போது புது சிம், புது எண். ஆனால் ஆதாரிலும் வங்கியிலும் எங்கள் பதிவேட்டிலும் பழைய எண்ணே கிடக்கும்.

இந்த நாட்டில் ஒருவருடைய பணம், மருந்து, சான்றிதழ் எல்லாமே இன்று அந்தப் பத்து இலக்கங்களில் கட்டப்பட்டிருக்கின்றன. நகரத்தில் இருப்பவருக்கு இது உறைக்காது. அவர் எண்ணை மாற்றியே பத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும்.

அதே பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் முதல் தவணையும் வந்திருக்கவில்லை. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள திட்டம் அது. ரத்தம் குறைந்த பெண் முட்டையும் கீரையும் பருப்பும் வாங்கிச் சாப்பிட வேண்டிய மாதங்களில் கைக்கு வர வேண்டிய பணம். விசாரித்தால், வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. செவிலியரே அவரை அழைத்துக்கொண்டு கீழே இருக்கும் சேவை மையத்துக்குப் போனார். நானும் அன்று அந்தப் பக்கம் போயிருந்ததால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கணினியில் ஆதார் எண்ணை அடித்ததும், பதிவான கைப்பேசிக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது. அந்தக் கைப்பேசி திருப்பூரில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பைக்குள் இருந்தது. வேலை நேரத்தில் போனை எடுக்க அங்கே அனுமதி இல்லை. கணவருக்குப் போட்ட அழைப்பு மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பத்து நிமிடம் கழிந்து அந்த ஓ.டி.பி. காலாவதியானது. மறுபடி அனுப்பினார்கள். இரண்டாம் முறை அவர் எடுத்தபோது இங்கே மையத்தின் இணைப்பு போய்விட்டது. மூன்றாம் முறை, தேநீர் இடைவேளையில், அவர் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல, இந்தப் பெண் அவற்றைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ஐந்தாவது இலக்கம் ஒன்றா ஏழா என்று குழப்பம். அன்றைக்கு வேலை முடியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தன் வயிற்றுப் பிள்ளைக்காக வரும் பணத்தைத் தன் பெயரிலுள்ள கணக்கில் வாங்க, இன்னொரு ஊரில் இருக்கும் ஒருவரின் தேநீர் இடைவேளைக்காக அவர் காத்திருந்தார். அவருடைய கணவர் நல்லவர், எடுத்த இரண்டு முறையும் பொறுமையாகப் பேசினார். கணவர் குடிப்பவராகவோ விட்டுவிட்டுப் போனவராகவோ இருக்கும் வீடுகளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கருத்தடை பற்றியோ வீட்டில் அடிபடுவது பற்றியோ ஒரு பெண் என்னிடம் தனியாகச் சொன்னால், அது தொடர்பான செய்தியை நான் எந்த எண்ணுக்கு அனுப்புவது?

நம் கணக்கெடுப்புகள் பலவும் வீட்டை அலகாக வைத்தே எண்ணுகின்றன. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுக் கணக்கில் கிராமத்து வீடுகளில் 14.9 சதவீதத்துக்கும் நகரத்து வீடுகளில் 42 சதவீதத்துக்கும் இணைய வசதி இருந்தது. அதற்குப் பிறகு கைப்பேசி நிறையப் பரவிவிட்டது, உண்மைதான். ஆனால் வீட்டில் ஒரு போன் இருப்பதும் வீட்டிலுள்ள பெண்ணிடம் போன் இருப்பதும் ஒன்றல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு ஆளைப் பார்த்துக் கேட்டது. ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆண்களில் 57 சதவீதம் பேரும் பெண்களில் 33 சதவீதம் பேரும்தான் ஆம் என்றார்கள். ஒரே கூரையின் கீழேயே இந்த இடைவெளி இருக்கிறது. டவர் கட்டினால் மட்டும் இது மறையாது.

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் நடந்த இந்தப் போன் பங்கீடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நான் பிற்பாடு பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. நடுவில் சில வாரங்கள் திறந்ததை விட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் நிலையாகத் திறந்தது 2021 செப்டம்பர் 1 அன்றுதான். எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே போன். சிக்னல் கிடைக்கும் பாறை ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. அண்ணன் அங்கே போய் உட்கார்ந்து பாடம் கேட்டான். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப வீட்டில் மனமில்லை. அவள் ஆடு மேய்க்கப் போனாள், பிறகு அம்மாவோடு கூலி வேலைக்குப் போனாள். பள்ளி திறந்தபோது அவள் பெயர் பதிவேட்டில் இருந்தது, அவள் இல்லை. 2022இல் என் அறைக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு, நான்காம் மாதம். பத்தொன்பது என்று மாமியார் சொன்னார். ஆதார் அட்டை பதினேழு என்றது. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம். பிரசவமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அவள் கணக்கில் முதல் மாணவி என்று அவளுடைய ஆசிரியை என்னிடம் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. குழந்தைத் திருமணத்துக்கு வறுமை, வழக்கம், பயம் என்று பல காரணங்கள் உண்டு. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது பள்ளியோடு அறுந்துபோன தொடர்புதான்.

கூலியிலும் இதே கதைதான். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், தொழிலாளர்களை நாளுக்கு இருமுறை இடக்குறிப்போடு படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறவில்லை என்றால் வருகை இல்லை, வருகை இல்லையென்றால் கூலி இல்லை. மண் வெட்டிவிட்டு வந்த பெண்கள், மாலைப் படத்துக்காகச் சிக்னல் வரும்வரை காத்திருந்து இருட்டில் வீடு திரும்பியதாக என்னிடம் சொன்னார்கள். கூலி தள்ளிப்போனால் வீட்டில் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. என் சீட்டில் வரும் 7.6 என்ற எண்ணுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

ஓர் இரவு, நெஞ்சுவலியோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இ.சி.ஜி.யில் மாரடைப்பின் அடையாளம் தெரிந்தது. முதலுதவி மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு 108க்குச் சொன்னோம். அந்த இ.சி.ஜி.யின் படத்தை மருத்துவக் கல்லூரி இதயநோய் மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு படம், அவ்வளவுதான். அது போகவில்லை. மருந்தாளுநர் என் போனை வாங்கிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி மலைச்சாலை வளைவுக்குப் பைக்கில் போய் அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் திரும்பினார். 25 நிமிடம். அடைபட்ட ரத்தக்குழாய் திறக்கும்வரை ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அவர் பிழைத்தார். இப்போது மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார். அந்த 25 நிமிடத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட என்னிடம் வழியில்லை.

இணையம் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. அந்தப் படம் உடனே போயிருக்க வேண்டும் என்பவள் நான். இணைய வழியைத் திறக்கும்போது பழைய வழியை அடைத்துவிடாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்குத் கொரோனா தடுப்பூசி திறந்தபோது அரசின் கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். பல மாநிலங்களில் நகரத்துக்காரர்கள் கிராமத்து மையங்களில் இடம் பிடித்து, காரில் வந்து ஊசி போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளூர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இருந்த ஊசி அதே அளவுதான். வேகமான இணைப்பு உள்ளவர்களை அந்த முன்பதிவு வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் இதைக் கேள்வி கேட்டது, நேரில் வருபவர்களுக்கும் ஊசி போடலாம் என்று விதியும் தளர்ந்தது. அந்தத் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, ஜூனில் வேறு மொழிகள் வந்தபோதும் தமிழ் விடுபட்டுப் பிறகுதான் சேர்ந்தது.

அதே 2021 ஆகஸ்டில், வீட்டு வாசலுக்கே போய் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி. ஊருக்குள்ளேயே ஒரு தன்னார்வலர், மரத்தடியில் இருபது பிள்ளைகள். இரண்டுமே ஆள் நடந்து போகும் திட்டங்கள். சிக்னல் போனாலும் அவை நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று, அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கில், இணையச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆளை அடையாளம் காணக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் இணையச் சரிபார்ப்பில் கண்ணிழந்தவர் என்ன செய்வார் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. போன் இல்லாதவர் என்ன செய்வார் என்று ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பார்த்து நாம் கேட்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் செயலி உருவாக்குகிறவர்கள் இருப்பீர்கள், அரசு அலுவலகத்தில் படிவம் வடிவமைக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் ஆதாரில் யாருடைய எண் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். அவருடைய சொந்த எண்ணாக மாற்ற உதவுங்கள். தபால்காரர் மூலமாகவே அதைச் செய்துகொள்ளலாம். ஓ.டி.பி.யை வெளியாள் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும் கூடவே சொல்லிவையுங்கள். அடுத்தவர் போனை நம்பியே பழகியவர்களைத்தான் மோசடிக்காரர்கள் எளிதில் ஏமாற்றுகிறார்கள்.

எங்கள் நிலையத்தில் இப்போது ஊசி நாளை நான் மாற்றுவதில்லை. செவ்வாய் என்றால் செவ்வாய். கூட்டத்துக்குப் போக நேர்ந்தால், ஊசி போட இன்னொரு மருத்துவரை ஏற்பாடு செய்துவிட்டே போகிறேன். அவசரச் செய்தி என்றால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் ஊர் நிறுத்தத்தில் அங்கன்வாடி ஊழியரிடம் சேர்த்துவிடுவார். இதுவரை ஒரு சீட்டும் தவறவில்லை.

அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் எழுதிய எண்ணுக்குப் பிறகு, இன்னும் இரண்டு பயணத்தில் வங்கி வேலை முடிந்தது. ஊசிகளும் முடிந்தன. ஒன்பதாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 9.8. கடைசியாக அட்டையை வாங்கிப் பார்த்தேன். அடித்த மூன்று எண்களுக்கும் கீழே செவிலியர் நான்காவதாக எண் எதையும் எழுதியிருக்கவில்லை. 'அங்கன்வாடி டீச்சர், மேல் ஊர், காலை பஸ்' என்று எழுதியிருந்தார்.