மிதந்து வந்த சுரங்கப்பாதை

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், கோல்சிங்கல் என்ற பெரிய சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அந்தச் சுரங்கம் அங்கே குடைந்து எடுத்ததல்ல. வேறோர் இடத்தில் துண்டு துண்டாகக் கான்கிரீட்டில் வார்த்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, இழுத்து வந்து, சாலை இருந்த இடத்தில் இறக்கி வைத்தது. 1968 பிப்ரவரி 9 அன்று இளவரசி பியாட்ரிக்ஸ் திறந்து வைத்த இந்த ரயில்தான் அந்த நாட்டின் முதல் மெட்ரோ. நீளம் 5.9 கிலோமீட்டர்தான், நிலையங்கள் ஏழுதான். ஆனாலும் அதைக் கட்டிய விதம் உலகம் முழுக்கச் சுரங்கம் போடுபவர்களுக்குப் பாடமாகிவிட்டது.

ராட்டர்டாமை நியூவ மாஸ் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே கடைவீதிகளும் அலுவலகங்களும். தெற்கே துறைமுகத் தொழிலாளர்கள் குடியேறிய பெரிய குடியிருப்புகள். காலையில் வடக்கே வரவும் மாலையில் தெற்கே திரும்பவும் டிராம்களுக்கு இருந்தது ஒரே வழி: வில்லெம்ஸ் பாலத்தைத் தாண்டி, அடுத்ததாகக் கோனிங்ஸ்ஹாவன் நீர்வழிமீது இருந்த தூக்குப் பாலத்தையும் தாண்ட வேண்டும். கப்பல் வந்தால் பாலம் மேலே போய்விடும். டிராம்கள் வரிசையாக நிற்கும். அதே ஆற்றுக்கு அடியில் 1942-இல் முடிந்த மாஸ் சுரங்கச் சாலை கார்களுக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் உதவியதே தவிர, டிராம்களுக்கு உதவவில்லை. ஆற்றுக்கு அடியில் ரயில் விடுவதுதான் ஒரே தீர்வு என்ற முடிவுக்கு நகரம் வந்தது. 1960-இல் வேலை தொடங்கியது.

சரி, சுரங்கத்தைத் தோண்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ராட்டர்டாம் நிற்கும் மண் மேலே களிமண்ணும் மட்கிய தாவரக் கரிமண்ணும் கலந்த சேறு. பாரம் தாங்கும் மணல் அடுக்கு 15 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நிலத்தடி நீரோ தரைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கிறது. குழி வெட்டினால் உடனே நீர் ஊறும். பம்பு வைத்து இறைக்கலாம். ஆனால் இறைத்தால் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் இறங்கும். கரிமண் காய்ந்து சுருங்கும், தரை அமுங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய கட்டடங்கள் மரக்கட்டைத் தூண்கள்மீது நிற்பது. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை அந்த மரத்துக்கு நூற்றாண்டுகள் ஆயுள், ஏனென்றால் அழுக வைக்கும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும். நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை காற்றுபட்டால் அழுகல் தொடங்கிவிடும். இறைப்பது மெட்ரோவுக்காக, விரிசல் விழுவது பக்கத்துக் கட்டடத்தில்.

எந்திரம் வைத்துத் துளையிடும் வழியும் அப்போது இல்லை. இவ்வளவு இளகிய, ஈரமான மண்ணில் அதை நம்பி இறங்க டச்சுப் பொறியாளர்கள் தயாராக இல்லை. அந்த நாட்டில் எந்திரம் துளைத்த முதல் பெரிய சுரங்கம், ராட்டர்டாமுக்குத் தெற்கே உள்ள இரண்டாவது ஹைனனோர்ட் சுரங்கம், 1999-இல்தான் திறக்கப்பட்டது.

ஆகவே, தண்ணீரை வெளியேற்ற முடியாத இடத்தில் தண்ணீரையே வேலைக்கு வைத்தார்கள். சாலையின் இரு ஓரங்களிலும் எஃகுத் தகடுகளை ஆழமாக அடித்து இறக்கி, நடுவில் இருந்த மண்ணை அள்ளி, குழியில் நீரை அப்படியே நிற்கவிட்டார்கள். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் பக்கத்து மண் அசையாது. நகரின் நடுவில் ஒரு கால்வாய் உருவானது. கோல்சிங்கல் ஒரு காலத்தில் நிஜமாகவே நகரின் அகழியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூர்த்துச் சாலையாக்கினார்கள். மெட்ரோவுக்காகச் சில ஆண்டுகள் மறுபடி நீர்வழியாயிற்று.

சுரங்கத் துண்டுகளை உலர்துறைகளில், அதாவது வேண்டும்போது நீர் விடக்கூடிய உலர்ந்த பள்ளங்களில், வார்த்தார்கள். ஆற்றுக்கு அடியில் போக வேண்டியவை, ஆற்றிலேயே கிழக்கே இருக்கும் வான் பிரீனனோர்ட் தீவில் தயாராயின. இவற்றில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் கொண்ட கான்கிரீட் பெட்டி. இரு முனைகளையும் தற்காலிகச் சுவர் வைத்து மூடிவிடுவார்கள். அப்புறம் துறைக்குள் நீரை விடுவார்கள்.

ஆயிரக்கணக்கான டன் கான்கிரீட் மிதக்குமா என்று தோன்றலாம். ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான் கணக்கு. அந்த அளவுள்ள பெட்டி முழுக்க மூழ்கினால் ஏறக்குறைய 5,400 கன மீட்டர் நீரை ஒதுக்கும். அதாவது 5,400 டன் தண்ணீரின் எடை. பெட்டியின் மொத்த எடை அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும், மேல்விளிம்பு மட்டும் நீருக்கு வெளியே தெரிய மிதக்கும். அந்தக் 'கொஞ்சம்' முக்கியம். சுவர் ஒரு சில சென்டிமீட்டர் தடிமன் கூடினாலும் பெட்டி தரைதட்டிவிடும். குறைந்தால், இறக்கிய பிறகு கீழே இருக்காமல் எழும்பப் பார்க்கும். கான்கிரீட் வார்ப்பவர் கப்பல் கட்டுபவரின் துல்லியத்தோடு வேலை செய்ய வேண்டியிருந்தது. இறக்க வேண்டிய இடத்துக்கு மேலே கொண்டுவந்ததும், உள்ளே நீரை ஏற்றி எடையைக் கூட்டி, கம்பிவடத்தில் தொங்கவிட்டு மெல்லக் கீழே இறக்குவார்கள். நகருக்குள் முன்கூட்டியே அடித்து வைத்திருந்த தூண்கள் அதைத் தாங்கிக்கொள்ளும்.

இனி வருவது எனக்கு மிகப் பிடித்த கட்டம். நீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாத கலங்கலில், இரண்டு பெட்டிகளை ஒரு சொட்டு நீரும் கசியாமல் எப்படிச் சேர்ப்பது? பெட்டியின் ஒரு முனையைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கினா என்று பெயர். ராட்டர்டாம் மெட்ரோவுக்காகத்தான் அது முதலில் உருவானது. புதிய பெட்டியை, ஏற்கனவே கிடக்கும் பெட்டியின் முனைவரை இழுத்துக் கொண்டுவந்தால், ரப்பரின் மென்மையான மூக்கு லேசாகத் தொடும். இப்போது இரு தற்காலிகச் சுவர்களுக்கும் இடையே கொஞ்சம் நீர் அடைபட்டிருக்கிறது. அந்த நீரை மட்டும் வெளியேற்றினால் போதும்.

பெட்டியின் பின்முனையை ஆறு அழுத்திக்கொண்டே இருக்கிறது. முன்முனையில் அழுத்த இப்போது எதுவும் இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 10 டன். முனையின் பரப்பு 60 சதுர மீட்டர் என்றால் 600 டன் விசை பெட்டியை முன்னே தள்ளுகிறது. ரப்பர் நசுங்கி, இடைவெளி முற்றிலும் அடைபடுகிறது. உள்மூடி குக்கரில் ஆவியே மூடியை வளையத்தோடு அழுத்தி மூடிக்கொள்கிறதே, அதே வேலை. எந்த எந்திரமும் இவ்வளவு சீராக, எல்லா விளிம்பிலும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாது. பிறகு உள்ளே இருந்தபடியே தற்காலிகச் சுவரை உடைத்தால், இரண்டு பெட்டிகள் ஒரே பாதையாகிவிடும். இன்று கடலுக்கடியில் போகும் பெரிய மூழ்குசுரங்கங்களிலும் இந்த வகை வளையம்தான்.

எல்லாம் சேர்ந்ததும் உள்ளிருந்த நீரை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கான்கிரீட் போட்டு எடை கூட்டி, மேலே மணலை நிரப்பி, சாலையைத் திரும்பப் போட்டார்கள். இன்று அந்தச் சாலையில் நடப்பவர் காலடியில் ஒரு கப்பல் வரிசை புதைந்திருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை.

ஆற்றைக் கடந்த பிறகு கதை எளிது. தெற்கே ரைன்ஹாவன், மாஸ்ஹாவன், ஸாய்ட்பிளைன் நிலையங்கள் தூண்கள்மேல் உயரத்தில் இருக்கின்றன. நெருக்கமான நடுநகர் முடிந்துவிட்டதால் மேலே போவதுதான் செலவு குறைவு.

மெட்ரோ வளர வளர இன்னொரு கேள்வி வந்தது: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? சுரங்கத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. மேலே கம்பி கட்ட வேண்டாம், கூரை தாழ்வாக இருக்கலாம். சேற்று மண்ணில் ஒவ்வொரு மீட்டர் உயரமும் பணம். ஆனால் புறநகரில் ரயில் சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. ஆளும் சைக்கிளும் கடக்கும் தரையில் மின்சாரம் பாயும் தண்டவாளத்தை வைக்க முடியாது. அதனால் அங்கே டிராமைப் போல மேல்கம்பி. கிழக்கே போகும் ஏ, பி தடங்களின் ரயில்கள் காபெல்சபிரக் நிலையம்வரை மூன்றாவது தண்டவாளத்தில் வந்து, அதற்கப்புறம் கூரையிலுள்ள மின்கோலை உயர்த்திக் கம்பியில் இருந்து மின்சாரம் எடுக்கின்றன. நகருக்குள் மெட்ரோ, ஓரத்தில் ஏறக்குறைய டிராம். இரண்டு தனி அமைப்புகளைக் கட்டிப் பயணியை வழியில் இறக்கி ஏற்றுவதைவிட, ரயிலையே இரண்டுக்கும் பழக்குவது எவ்வளவோ மேல்.

இந்த ஏற்பாட்டால்தான் தி ஹேக் நகரிலிருந்து ஈ தடத்தில் ஏறி, இறங்காமலே ராட்டர்டாமின் தென்பகுதி வரை வர முடிகிறது. அதன் வடபாதி 1908-இலேயே மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய பழைய ரயில் பாதை. 2006-இல் அதை மெட்ரோவுக்கு மாற்றினார்கள். 2010-இல், இந்தமுறை எந்திரத்தால் துளைத்த சுரங்கம் வழியாக, ராட்டர்டாம் மத்திய நிலையத்தோடு இணைத்தார்கள். தி ஹேக் பக்கத்தில் சில நிலையங்களை அந்த ஊர் டிராம்களும் பயன்படுத்துகின்றன. மெட்ரோவின் தளம் உயரம், டிராமின் தளம் தாழ்வு. ஆகவே ஒரே நடைமேடையில் ஒரு பகுதி உயரமாகவும் இன்னொரு பகுதி தாழ்வாகவும் கட்டியிருக்கிறார்கள். மேற்கே ஹூக் வான் ஹோலண்ட் போகும் பழைய ரயில் பாதையும் 2019-இல் மெட்ரோவானது. 2023-இல் அதைக் கடற்கரைவரை நீட்டினார்கள்.

கட்டணமும் இதே மாதிரி தடங்களைப் பிரிக்காமல் கணக்காகிறது. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை அட்டையைத் தட்ட வேண்டும். புறப்பாட்டுக்கு ஒரு யூரோவுக்குச் சற்று மேல் அடிப்படைத் தொகை, அதன்மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சேரும். மெட்ரோவில் இறங்கித் தட்டிய 35 நிமிடத்துக்குள் டிராமிலோ பேருந்திலோ தட்டினால் அடிப்படைத் தொகையை மறுபடி எடுக்காது. பயணம் தொடர்வதாகவே கணக்கு. பேர்ஸ் நிலையத்தில் வடக்கு-தெற்குத் தடத்திலிருந்து கிழக்கு-மேற்குத் தடத்துக்கு மாறினால் தட்டவே வேண்டாம், வாயிலுக்கு உள்ளேயே மாறிக்கொள்ளலாம்.

2023 முதல் நாடு முழுக்கச் சாதாரண வங்கி அட்டையையோ கைபேசியையோ தட்டினாலே போதும். புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். கைபேசியில் அதே வங்கி அட்டை இருந்தாலும், எந்திரத்தின் கண்ணுக்கு அது வேறு அட்டை. கைபேசியில் தட்டி ஏறி, பிளாஸ்டிக் அட்டையில் தட்டி இறங்கினால் முடியாத பயணங்கள் இரண்டு பதிவாகி, இரண்டுக்கும் பணம் போகும். எதில் தட்டி ஏறினீர்களோ அதில்தான் தட்டி இறங்க வேண்டும். குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும்.