சீக்கிரம் முடித்தாலும் செலவுதான்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில், அதாவது பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் இடங்களில், இதே கதைதான். இன்னும் பதினைந்து நாள் கழித்துப் போக வேண்டிய ஷாஃப்ட் (சுழல் தண்டு), எண்ணெய் பூசி மூலையில் அடுக்கியிருக்கும். நாளைக்கே போக வேண்டிய ஹப்புக்கு (சக்கர நடுப்பாகம்) மெஷின் கிடைக்காது. கேட்டால், "மெஷின் சும்மா நிக்கக் கூடாதுங்க" என்பார்கள்.

நிற்கட்டுமே! மெஷின் தவணை ஓட்டினாலும் உண்டு, நிறுத்தினாலும் உண்டு. வேண்டாத வேலையை ஓட்டினால் கம்பி, டூல், கரண்ட் எல்லாவற்றுக்கும் இன்றே பணம் போகிறது. 4 லட்ச ரூபாய்ச் சரக்கு 15 நாள் முடங்கினால், 12 சதவீத வட்டியில் சுமார் 1,970 ரூபாய். அற்பம் என்பீர்கள். நடுவில் டிராயிங் ரிவிஷன் வந்தால், அதாவது வாடிக்கையாளர் வரைபடத்தை மாற்றினால், மொத்தமும் ஸ்கிராப். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துரு ஏறினால் மறுபடி பாலிஷ், மறுபடி இன்ஸ்பெக்‌ஷன். முன்பே முடித்தால் பணமாவது முன்பே வருமா? வராது. 2006 சிறு, குறு நிறுவனச் சட்டத்தின் அதிகபட்ச 45 நாள் கெடுவே, சரக்கை வாங்கும் நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் ஓடுகிறது.

தாமதத்தின் விலையை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்பாட்ச் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 25ஆம் தேதி காலை லாரி ஏற வேண்டும். பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன் 1 நாள், பிளேட்டிங் (உலோகப் பூச்சு) போய்வர 4, மெஷினிங் 3, செட்டப் அரை நாள். பிளேட்டிங்காரர் இழுப்பார் என்பது தெரிந்ததே, அதற்கு 2. ஆக, 14ஆம் தேதி மதியம் மெஷினில் ஏற்றினால் போதும். நடுவில் வரும் ஞாயிறுகளைக் கழிக்க மறக்காதீர்கள்.

அடுத்த வாரம் அதே மெஷினில் இடமே இல்லையென்றால் முன்கூட்டி ஓட்டுவது நியாயம். அப்போதும், மெஷின் மணிக்குக் குறைந்த பணம் முடங்கும் வேலையை முதலில் ஏற்றுங்கள்.

ஹப், ஷாஃப்ட் இரண்டுமே தாமதமாகிவிட்டதா? போனில் யார் அதிகம் கத்துகிறார் என்று பார்க்காதீர்கள். ஒரு நாள் தாமதத்துக்கான அபராதத்தை, அந்த வேலைக்குத் தேவையான மெஷின் மணிகளால் வகுங்கள். ஹப் 6 மணி, நாளுக்கு 1,200 ரூபாய்: 200. ஷாஃப்ட் 16 மணி, 2,000 ரூபாய்: 125. அபராதம் குறைவாகத் தெரிந்தாலும் ஹப்தான் முதலில். தேதி வரிசையில் ஓட்டினால் மிக மோசமான தாமதம் மட்டும்தான் குறையும், மொத்த அபராதம் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள்.

போர்டில் முடிக்கும் தேதிக்குப் பக்கத்திலேயே 'இதற்கு முன் ஏற்றாதே' என்று ஒரு தேதியும் எழுதுங்கள். தயவுசெய்து, பீஸ் எண்ணிக்கை பார்த்து சூப்பர்வைசருக்கு இன்சென்டிவ் கொடுத்துக்கொண்டே அந்தத் தேதியை மதிக்கச் சொல்லாதீர்கள்.