‘100% முடிந்தது’ என்றால் பத்திரம் என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒரு 100 ஜிபி ப்ளூ-ரே டிஸ்க், மறுபடியும் அதே வாசகம்: “ரைட் பண்ணும்போது 100% காட்டிச்சு, அதனால ஹார்ட் டிஸ்க்ல இருந்து அழிச்சிட்டேன்.” முதல் முப்பது ஜிபி சமர்த்தாகத் திறக்கிறது. அதைத் தாண்டினால் டிரைவ் முனகுகிறது, வேகம் விழுகிறது, கடைசியில் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று கைவிரித்துவிடுகிறது.

அந்த முப்பதில் நிற்பது தற்செயல் அல்ல. 100 ஜிபி ப்ளூ-ரே, அதாவது பிடி-எக்ஸ்எல், மூன்று அடுக்கு கொண்டது. ஓர் அடுக்கில் 33.4 ஜிபி. லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளிவிளிம்புவரை எழுதும். அங்கேயே குவியத்தை மாற்றிக்கொண்டு இரண்டாம் அடுக்கை வெளியிலிருந்து உள்ளே எழுதி வரும். மூன்றாவது திரும்பவும் உள்ளிருந்து வெளியே. ஆக முதல் தாவல் நடப்பது டிஸ்க்கின் ஓரத்தில்: விரல் படும் இடம், வளைவு அதிகம் தெரியும் இடம். சாதாரண 25 ஜிபி டிஸ்க்கில் மிகச் சிறிய குறியின் நீளம் 0.149 மைக்ரான், இதில் 0.112. தப்புக்கு இருந்த இடமும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

இப்போது அந்த 100%. டிரைவுக்கு அனுப்ப வேண்டியதை எல்லாம் அனுப்பியாகிவிட்டது, லேசரும் சுட்டு முடித்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். எழுதியது படிக்கும்படி இருக்கிறதா என்று பெரும்பாலும் அந்த நிமிடம்வரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விதைத்து முடித்த கையோடு நெல் மூட்டைக் கணக்கு எழுதுவது போன்றது இது. ‘வெரிஃபை’ என்றொரு கட்டம் மென்பொருளில் இருக்கும். நேரமாகிறதே என்று முதலில் நீக்கப்படும் டிக் அதுதான். 4 மடங்கு வேகம் என்றால் நொடிக்கு 18 எம்பி. 100 ஜிபி எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும், திரும்பப் படிக்க ஏறக்குறைய இன்னொரு அவ்வளவு. அந்த இரண்டாவது ஒன்றரை மணி நேரத்தை மிச்சம்பிடிக்கப் போய்த்தான் பத்து வருடப் படங்கள் போகின்றன.

அந்த டிக்கும் போதாது. எழுதிய டிரைவிலேயே சரிபார்த்தால், தன் கிறுக்கல் தனக்குப் புரியும் என்கிற கதைதான். லேசர் கொஞ்சம் சாய்ந்திருக்கும் டிரைவ், தான் எழுதியதைத் தானே தடுமாறாமல் படிக்கும்; வேறு டிரைவ்கள் அதைப் படிக்கத் திணறலாம். ஆகவே எழுதுவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுப் பட்டியலாக வையுங்கள். எழுதி முடித்ததும் டிஸ்க்கை வெளியே எடுங்கள், வேறொரு டிரைவில் போடுங்கள், முழுவதும் ஒப்பிடுங்கள். அதுவரை மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள். ஒப்பிட்டுச் சரியென்று வந்த பிறகும் இன்னொரு பிரதி வேறிடத்தில் இருந்தால்தான் அது பேக்கப்.

“டிஸ்க்கில் 7 ஜிபி குறைகிறது, போலியா?” என்ற கேள்விக்கும் இங்கேயே பதில்: போலி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, 93.2 என்றுதான் காட்டும்.

வாங்கும்போது டிரைவின் முகப்பில் பிடி-எக்ஸ்எல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ப்ளூ-ரே டிரைவிலும் அதே 405 நானோமீட்டர் லேசர்தான், ஆனாலும் இந்த டிஸ்க்கை அதனால் படிக்க முடியாது. யூஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள், யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர், மெல்லிய டிரைவ் எழுதும்போது அதற்கு மேல் கேட்கும். 25 ஜிபி டிஸ்க்கில் ‘எல்டிஎச்’ என்று போட்டிருந்தால் ஆவணத்துக்கு வேண்டாம்; அது கரிமச் சாயம், வெளிச்சம் ஆகாது. சில டிஸ்க்குகளுக்குச் சொல்லப்படும் ‘ஆயிரம் வருடம் தாங்கும்’ என்பது வெப்பத்திலும் ஈரத்திலும் சோதித்துக் கணித்த எண். அதைப் படிக்க டிரைவ் கிடைக்குமா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. எழுதும் டிஸ்க்குகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஒரு டிரைவ் கூடுதலாக வாங்கி வைப்பது ஆடம்பரம் இல்லை.

எல்லாவற்றையும் 90 ஜிபி ஜிப் கோப்பாகக் கட்டி ஏற்றாதீர்கள், தயவுசெய்து. ப்ளூ-ரேயின் பிழைதிருத்தம் 64 கேபி கட்டங்களாக இயங்குகிறது. ஒரு கட்டம் போனால் தனிக்கோப்பாக இருந்தால் ஒரு படம் போகும். ஒட்டுமொத்தமாகச் சுருக்கிய கோப்பில் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் போகலாம். 80 ஜிபி தரவு, அதற்கு 8 ஜிபி அளவில் பார்2 மீட்புக் கோப்புகள் (சேதமான பகுதியைத் திரும்பக் கணக்கிட்டு எடுக்க உதவும் கூடுதல் தரவு), மீதியைக் காலியாக விட்டுவிடுங்கள்.

“200 டெராபைட் டிஸ்க் வந்துவிட்டதாமே, அதுவரை காத்திருக்கிறேன்” என்பவர்களுக்கு: 2024 பிப்ரவரியில் நேச்சர் இதழில் ஷாங்காய் ஆய்வாளர்கள் வெளியிட்டது நிஜம்தான். டிவிடி அளவு வட்டு, நூறு அடுக்கு, 1.6 பெட்டாபிட் வரை, அதாவது அந்த 200 டெராபைட். எழுதுவது ஃபெம்டோசெகண்ட் லேசர், அதாவது மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளிவிடும் லேசர். ஆய்வக மேசையில் இருக்கும் சாதனம். உங்கள் ஹார்ட் டிஸ்க் அதற்காகக் காத்திருக்காது.

ஏற்கெனவே படிக்காமல் போன டிஸ்க் கையில் இருந்தால் பற்பசை வேண்டாம், கீறல் தேய்க்கும் இயந்திரமும் வேண்டாம். சிடியில் தரவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான பிளாஸ்டிக் இருந்தது, தேய்த்தால் தாங்கியது. ப்ளூ-ரேயில் இருப்பது 0.1 மில்லிமீட்டர், அதன்மேல் சில மைக்ரான் கடினப்பூச்சு. தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான். மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைத்தால் போதும். திரும்பத் திரும்பப் போட்டு கோப்பைத் திறந்து பார்க்காதீர்கள். டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரு பிம்பமாக, அதாவது ஒரே கோப்பாக நகலெடுங்கள், எந்த இடம் படித்தாயிற்று, எது விட்டுப்போனது என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு. ஒரு டிரைவ் திணறினால் அதே மேப் கோப்பை வைத்து அடுத்த டிரைவில் தொடருங்கள். முதலாவது விட்ட இடங்களை மட்டும் அது முயன்று பார்க்கும்.