கூன்வண்டின் உணர்கொம்புக்குள் ஒரு புரதம்

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தென்னந்தோப்பில், வாளிப் பொறிக்குள் விழுந்து கிடக்கும் சிவப்புக் கூன்வண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மூக்குபோல் நீண்டு வளைந்திருப்பது அதன் வாய்ப்பகுதி. அதன் அடியிலிருந்து முழங்கைபோல் மடங்கிக் கிளம்பும் இரண்டு உணர்கொம்புகளின் புடைத்த நுனிதான் வண்டின் உண்மையான மூக்கு. ஆண் வண்டு வெளியிடும் ஃபெருஜினியால் என்னும் கவர்ச்சிப் பொருளையே பொறியிலும் வைத்திருப்பதால், ஆண், பெண் இரண்டுமே அதைத் தேடி வந்து விழுகின்றன.

அந்த நுனியில் அடர்ந்திருக்கும் நுண்மயிர்களின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே நுழையும் மண மூலக்கூறு, நரம்பு முனையை எட்டுவதற்கு முன் நீர்த்தன்மை கொண்ட ஒரு திரவத்தைக் கடக்க வேண்டும். தாமிரபரணிப் படித்துறையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் எண்ணெய் நீரில் கரையாமல் படலமாக மிதந்து போவதைப் பார்த்திருப்பார்கள். மண மூலக்கூறுகள் பலவும் அத்தகையவையே.

இந்த இடரைத் தீர்ப்பதாகக் கருதப்படுவது மணப்பிணைப்புப் புரதம். 1981-இல் வோக்ட், ரிடிஃபோர்ட் ஆகிய இருவரும் பாலிஃபீமஸ் என்னும் பெரிய அந்துப்பூச்சியில், ஆணின் உணர்கொம்பிலிருந்து இதை முதலில் அடையாளம் கண்டனர். பெரும்பாலும் 120 முதல் 150 அமினோ அமிலங்களே கொண்ட இச்சிறு புரதத்தில், ஆறு சுருள்கள் மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டு, நடுவே நீரை விலக்கும் ஒரு குழியை அமைக்கின்றன. மண மூலக்கூறு அக்குழிக்குள் ஒதுங்கிப் பயணம் செய்கிறது. பட்டுப்பூச்சியில், அமிலத்தன்மை கூடும்போது புரதத்தின் வால்முனை சுருண்டு குழிக்குள் புகுந்து கொள்வதால், அங்கிருந்த பாம்பிகால் என்னும், பெண் பட்டுப்பூச்சியின் கவர்ச்சிப் பொருள் வெளியேற்றப்படுகிறது. நரம்புச் சவ்வின் அருகில் நிகழ்வதும் இதுவே என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் இதை வெறும் தோணி என்று சொல்லி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழ ஈயில் லஷ் என்னும் மணப்பிணைப்புப் புரதம் இல்லாவிட்டால், ஆண் ஈயின் குறிப்பிட்டதொரு கவர்ச்சிப் பொருளை அதற்குரிய நரம்பு சரிவர உணர்வதில்லை. அதே ஈயின் வேறொரு வகை நுண்மயிரில் நிறைந்திருந்த இவ்வகைப் புரதத்தை 2016-இல் நீக்கிப் பார்த்தபோதோ, நரம்பு மணத்தை வலுவாகவே உணர்ந்தது. மணம் திடீரென மிகும்போது அதன் தாக்கத்தை மட்டுப்படுத்துவதே அங்கு அப்புரதத்தின் வேலையாக இருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து எழுந்தது.

நம் கூன்வண்டுக்குத் தோணிக் கதை ஓரளவு பொருந்துகிறது. 2018-இல் வெளியான ஆய்வில், இவ்வகைப் புரதம் ஒன்றின் மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, ஃபெருஜினியாலை நோக்கி வரும் நாட்டம் வண்டுகளிடம் குறைந்தது. இவ்வண்டின் புழு தென்னையின் தண்டுக்குள் குடைந்து, குருத்து சாய்ந்த பிறகு மரத்தைக் காப்பது அரிது. பறந்து வரும் வண்டை மணத்தால் மறிக்க முடிவதனால்தான் இந்தச் சிறு புரதம் தோப்புக்காரருக்கும் உரிய செய்தியாகிறது.